எஞ்சின் யாருடையது?

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கடை. போர்டில் ‘பிரவுசிங் சென்டர்’ என்ற பழைய எழுத்து வெயிலில் வெளுத்துக் கிடக்க, அதன் மேலேயே ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன்’ என்று புது ஸ்டிக்கர் ஏறியிருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்த கையோடு, கம்பெனி ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் வந்து போனை நீட்டினார்.

“அண்ணா, இந்தப் பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு. ஓபனே ஆக மாட்டேங்குது.”

கடைக்காரர் போனை வாங்கக்கூட இல்லை. “எதுலம்மா போட்ட? குரோம்ல போடு. அதுலதான் வரும்.”

“குரோம்லதாண்ணா போட்டேன்.”

“அப்ப சிஸ்டத்துல போடணும். நாப்பது ரூபா ஆகும்.”

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கடையில், “இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்லதான் ஓபன் ஆகும்” என்று சொல்லியிருப்பார்கள். பெயர் மாறியிருக்கிறது, பிடி தளரவில்லை.

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் எழுத்து. நாலு பத்தி, ஒரு படிவம், இரண்டு படம். அதைத் திறந்து காட்டும் மென்பொருளின் முதல் வடிவத்தை, 1990-ல் ஜெனீவா பக்கத்துச் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தனியாளாக உட்கார்ந்து எழுதினார். இன்று குரோமுக்கு அடித்தளமாக இருக்கும் குரோமியத்தின் நிரல் மூன்று கோடி வரிகளுக்கு மேல். அவர்கள் எழுதியது, வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்தது எல்லாம் கூட்டி வந்த கணக்கு. தினம் ஆயிரம் வரி என்று விடாமல் படித்தாலும் முடிக்க எண்பது வருஷம் ஆகும். அதற்குள் அது வேறு நிரலாகியிருக்கும். ஆறு வாரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த புதுப் பதிப்பை 2021-ல் நான்கு வாரத்துக்கு ஒன்று என்று வேகப்படுத்திவிட்டார்கள்.

எழுத்தைக் காட்ட ஏன் இவ்வளவு? இதைவிடச் சின்னதாக ஒன்றைச் செய்ய முடியாதா? இந்தக் கேள்வியைக் கலிபோர்னியாவில் நின்று கேட்பதைவிட ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் நின்று கேட்பதுதான் பொருத்தம். கோப்பது வேறு, செய்வது வேறு என்பது இங்கே டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். எந்தக் கம்பெனியில் வெறும் அசெம்பிளி, எதில் பிரஸ் ஷாப் இருக்கிறது, எங்கே எஞ்சினும் உள்ளேயே தயாராகிறது என்று ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன்கூட வரிசையாகச் சொல்வான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்த நாளிலிருந்து இந்த வட்டாரம் கற்றுக்கொண்ட பாடம் அது.

நம் பிரவுசர்களுக்கு அதே அளவுகோலை வைத்துப் பார்ப்போம். பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் பகுதிதான் அங்கே எஞ்சின்.

2023 ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு போட்டியை அறிவித்தது. இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் செய்ய வேண்டும். மொத்தப் பரிசு 3.41 கோடி ரூபாய். 58 விண்ணப்பங்கள் வந்தன. 2025 மார்ச்சில் முடிவு வந்தபோது முதல் பரிசு ஒரு கோடி ரூபாயைத் தட்டிச் சென்றது, சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோ. அவர்களுடைய பிரவுசரின் பெயர் ‘உலா’. தமிழ்ப் பெயர்தான், அழகான பெயர்தான். குழந்தைகளுக்கு ஒரு முறை, அலுவலகத்துக்கு ஒரு முறை, பின்தொடரும் விளம்பரங்களுக்குத் தடை என்று உருப்படியான வசதிகளும் உண்டு. ஆனால் பானட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓடுவது குரோமியம்.

இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். போட்டியின் நோக்கமே வேறு. எந்த இணையதளம் உண்மையானது, எது போலி என்று சான்றிதழைப் பார்த்துத் தீர்மானிப்பது பிரவுசர்தான். எவருடைய சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியல் அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது. அதன்பின் நம் நாட்டுச் சான்றிதழ்களுக்குக் குரோமில் கடிவாளம் விழுந்தது. நம் மூலச் சான்றிதழை நம்பும் ஒரு பிரவுசர் வேண்டும் என்ற டெல்லியின் ஆசைக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. அதற்கு எஞ்சின் தேவையில்லை, பாடி போதும்.

எஞ்சினைச் செய்ய 3.41 கோடி ரூபாய் எந்த மூலைக்கு? மைக்ரோசாஃப்டே கைவிட்ட வேலை அது. 2018 டிசம்பரில் தன் சொந்த எஞ்சினை நிறுத்திவிட்டுக் குரோமியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. நார்வேயின் ஓபரா அதற்கு முன்பே, 2013-ல், தன் எஞ்சினை மூட்டைகட்டிவிட்டது. இன்று உலகில் பேர்சொல்லும்படி மிஞ்சியிருப்பவை மூன்று: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொஸில்லாவின் கெக்கோ. மூன்றாவதைச் செய்யும் மொஸில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலைப் பிரவுசரில் வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். போட்டியாளருக்குப் படியளக்கும் போட்டி!

இன்னொரு வேடிக்கை. இந்த மூன்றில் இரண்டுக்குப் பாட்டன் ஒருவனே. கே.எச்.டி.எம்.எல். என்று தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து லினக்ஸுக்காக எழுதிய சின்ன எஞ்சின். ஆப்பிள் அதைத்தான் எடுத்து 2003 ஜனவரியில் சஃபாரி பிரவுசரை வெளியிட்டது. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று அந்தத் தன்னார்வலர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஆப்பிள் சொன்ன காரணம், நிரல் சின்னதாகவும் சுத்தமாகவும் இருந்தது. மொத்தமே 1,40,000 வரிக்குள். அதிலிருந்து வெப்கிட் பிறந்தது. வெப்கிட்டிலிருந்து 2013-ல் கூகுள் பிளிங்கைப் பிரித்துக்கொண்டு போனது. ஃபயர்பாக்ஸும் அப்படித்தான். மொஸில்லாவின் பழைய மூட்டை கனத்துவிட்டது என்று இளைத்த வடிவமாக 2002-ல் பிறந்தது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோதும் ‘வேகம், எளிமை’ என்றுதான் கூவினார்கள். அந்த அணியை வழிநடத்திய சென்னைக்காரர் சுந்தர் பிச்சை பிறகு நிறுவனத்தையே நடத்தப் போய்விட்டார். எளிமை என்று போர்டு மாட்டித்தான் எல்லாரும் கடை திறக்கிறார்கள். போகப் போகப் பின்பக்கம் குடோன் கட்டுகிறார்கள்.

கொம்பும் காலும்

குடோனில் இருப்பதெல்லாம் குப்பை என்று நினைத்தால் அது தவறு. ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொள்வோம்.

‘கொடி’ என்று தட்டுகிறீர்கள். கணினி அதன் முதல் எழுத்தை இரண்டு எண்களாக வைத்துக்கொள்கிறது. முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. திரையிலோ நமக்கு மூன்று துண்டு வேண்டும்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். அதாவது, பின்னால் வந்த குறியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தூக்கி ககரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ‘கௌ’, ‘கூ’, ‘டு’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, வந்த வரிசையில் அடுக்கிக்கொண்டே போகலாம். நமக்கு இந்த வேலையைச் செய்வது ஹார்ஃபஸ் என்னும் நிரல். குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அது இல்லாத இடத்தில் ககரம் தனியாக நிற்கும், கொம்பு புள்ளி வட்டத்தோடு இன்னொரு பக்கம் தொங்கும்.

தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை இதை அனுபவித்துத் தீர்த்தது. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை. நெட்ஸ்கேப்பில் ‘யூசர் டிஃபைண்டு’ என்ற இடத்தைத் தேடிப்போய் எழுத்துருவை மாற்றினால்தான் தமிழ் தெரியும். இந்த இதழுக்கு ஒரு ஃபான்ட், அந்த இதழுக்கு இன்னொரு ஃபான்ட். அதனால்தான் மேலைநாட்டில் ஒருவர் ‘நான் எளிய பிரவுசர் செய்திருக்கிறேன்’ என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது ‘கொ’ வருகிறதா என்றுதான். பழைய எளிய பிரவுசர்கள் பலவற்றில் தமிழ் உடைந்துதான் தெரியும். நம் எழுத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கிடைக்கும் எளிமை யாருக்கோ எளிமை.

நோக்கியா காலத்து ரகசியம்

இந்தச் சிக்கலை இந்த ஊர்ப் போன்கள் ஒருகாலத்தில் வேறு வழியில் கடந்தன.

2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். 2011-ல் அந்த ஆலை 50 கோடிப் போன்களைத் தாண்டியது. பெரும்பாலும் பட்டன் போன்கள். விரல்நகம் அளவு நினைவகம், தீப்பெட்டி அளவு திரை. அதில் எங்கே குரோம் ஓடும்?

உலகம் முழுக்க ஓபரா மினி வெளியானதும் அதே 2006 ஜனவரியில்தான். சில நூறு கேபி எடையுள்ள ஜாவா செயலி. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் போன் அதை நேராகப் போய் எடுப்பதில்லை. ஓபராவின் சர்வர் எடுக்கும், அங்கேயே திறக்கும், சுருக்கும், பத்தில் ஒரு பங்காக்கிப் போனுக்கு அனுப்பும். ஓட்டலில் சமைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுபோல. வீட்டில் அடுப்பே வேண்டாம்.

ஆனால் தமிழ்? போனில் தமிழ் எழுத்துருவே கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமாக வரும். அப்போது தமிழ் வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ரகசியம் ஒன்று உண்டு. முகவரிப் பட்டையில் ‘ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு மறைவான பக்கம் திறக்கும். அதில் கடைசிப் பக்கமாக, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு கேள்வி. ‘யெஸ்’ கொடுத்துச் சேமித்தால் போதும், மறுநொடி தமிழ்! எழுத்துகளைச் சர்வரே படமாக வரைந்து அனுப்பிவிடும். ஏர்செல் பாக்கெட் இன்டர்நெட் கார்டு போட்டு, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தத் தீப்பெட்டித் திரையில் நான் வாசித்த தமிழ்க் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும். கொம்பு, கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

எளிய பிரவுசர் என்றால் இதுதானே என்று நெகிழ்ந்துவிட வேண்டாம். சிக்கல் எங்கும் மறைந்துவிடவில்லை, போனிலிருந்து கழன்று சர்வரில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. பொட்டலம் கட்டுகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் கட்ட முடியும். இதே உத்தியில் ஓடிய நோக்கியாவின் சொந்தப் பிரவுசர், பாதுகாப்பான பக்கங்களின் பூட்டையும் தன் சர்வரில் திறந்து பார்க்கிறது என்று 2013 ஜனவரியில் ஓர் இந்திய ஆய்வாளர் வெளிப்படுத்தினார். சுருக்குவதற்காகத் தற்காலிகமாகத் திறக்கிறோம், மனிதர் யாரும் படிப்பதில்லை என்று நோக்கியா விளக்கம் சொன்னது. வங்கிக் கடவுச்சொல்லைப் பட்டன் போனில் அடித்தவர்களில் எத்தனை பேருக்கு நடுவில் ஓர் ஆள் இருந்தது தெரிந்திருக்கும்?

2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியதால் இந்த ஆலை கைமாறாமல் நின்றது, கடைசியில் பூட்டு விழுந்தது. பிறகு 2019-ல் ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யும் சால்காம்ப் அந்த வளாகத்தை வாங்கியது. பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் கோக்கிறது. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 படுக்கைகளோடு கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார்.

அந்த ஐபோனில் நீங்கள் குரோம் போடலாம், ஃபயர்பாக்ஸ் போடலாம், உலாவும் போடலாம். எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். இங்கே வேறு எஞ்சினுக்கு ஆப்பிள் அனுமதி தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு மிரட்டியதால் 2024 மார்ச்சில் அங்கே கதவைத் திறந்தார்கள். அதற்கும் நிபந்தனை: இணையத் தர நிர்ணயச் சோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு தேற வேண்டும். சின்ன எஞ்சினுக்கு எளிதில் எட்டாத உயரம். ஸ்ரீபெரும்புதூரில் கோத்த போன் பாரிசில் இருந்தால் ஒரு நியாயம், பக்கத்துப் பென்னலூரில் இருந்தால் இன்னொரு நியாயம்.

மூன்று எண்ணுக்கு மூன்று கோடி வரி

முடியவே முடியாதா என்றால், முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஆண்ட்ரியாஸ் கிளிங் என்ற ஸ்வீடன் நாட்டு நிரலாளர் 2018-ல் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். அதில் முளைத்த பிரவுசர் ‘லேடிபேர்டு’. 2024-ல் அதற்கென்று ஒரு லாப நோக்கமற்ற அமைப்பே தொடங்கிவிட்டார்கள். எஞ்சினைக் கடன் வாங்காமல் முதல் வரியிலிருந்து எழுதுகிறார்கள். ஆனாலும் எழுத்தை அடுக்க அதே ஹார்ஃபஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ‘கொ’ என்னவென்று தெரிந்தவர்கள். மொஸில்லா 2020-ல் ஆட்குறைப்பு செய்தபோது அநாதையான ‘செர்வோ’ எஞ்சினை லினக்ஸ் அறக்கட்டளை தத்தெடுத்து வளர்க்கிறது. 1999-ல் பிறந்த டில்லோ, 2002-ல் பிறந்த நெட்சர்ஃப் என்ற சின்ன பிரவுசர்கள் இரண்டும் பழைய கணினிகளில் இன்றும் சிட்டாகப் பறக்கின்றன. பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் நிரம்பிய தளத்தைக் கொடுத்தால் திணறும்.

குரோமை வீழ்த்த ஒரு பிரவுசர் வேண்டும் என்று நான் கனவு காணவில்லை. என் கண் வேறு இடத்தில் இருக்கிறது. கார் ஆலைகளில் லைனுக்கு மேலே தொங்கும் ஆண்டன் போர்டைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய இலக்கு, முடிந்தது, லைன் நின்ற நிமிஷம். முன்பு சிவப்பு எல்.இ.டி. எண்களாக இருந்த இடத்தில் இப்போது பெரிய டி.வி. திரை, அதன் முதுகில் சின்னக் கணினி, அதில் முழுத்திரையாக ஒரு பிரவுசர். மூன்று எண்ணைக் காட்ட மூன்று கோடி வரி! நடுராத்திரி கரன்ட் போய் வந்தால், ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று ஒரு பெட்டி வந்து எண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். மேலே ஏறி மவுஸால் தட்ட ஆள் தேட வேண்டும். இங்கே தேவை ஒரு டிராக்டர், நாம் மாட்டி வைத்திருப்பது ஃபார்முலா ஒன் கார்.

ஆலைத் திரை, பேருந்து நிலைய அறிவிப்புப் பலகை, ரேஷன் கடைக் கருவி போன்ற இடங்களுக்குச் சின்ன எஞ்சின் தாராளமாகப் போதும். அதைச் செய்ய இந்த வட்டாரத்தில் ஆள் இல்லாமலும் இல்லை. பென்னலூர், தண்டலம் என்று சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். பாவெல் பான்செகாவும், குரோம் அணியின் கிறிஸ் ஹாரெல்சனும் சேர்ந்து எழுதிய பிரவுசர் பொறியியல் நூல், சில ஆயிரம் வரி பைத்தானில் ஒரு முழு பிரவுசரைக் கட்டிக் காட்டுகிறது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் தம்பி தங்கைகள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, இதைச் செய்து பார்க்கலாம். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் ‘கொடி’ என்று அடித்துப் பாருங்கள். உடைந்துதான் வரும். உங்கள் புராஜெக்ட் அங்கே தொடங்குகிறது.

பிரவுசரைச் செய்கிறவர்களுக்குச் சொல்வதைவிடப் பக்கங்களைச் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம். எந்தப் பிரவுசரும் தானாகக் குண்டாகவில்லை, தளங்கள்தாம் ஊட்டிக் கொழுக்க வைத்தன. ஒரு விண்ணப்பப் படிவத்துக்குச் சுழலும் படம் எதற்கு? பேருந்து நேரத்தைக் காட்டுவதற்கு முன்னால் இருபது நிரல்கள் இறங்க வேண்டிய அவசியம் என்ன? பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளுக்கான கையேட்டில் விதி தெளிவாக இருக்கிறது. வெறும் எச்.டி.எம்.எல்.லில் முதலில் வேலை செய்ய வேண்டும், அலங்காரமெல்லாம் அதன் மேல். நம்மிடமும் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009 முதல் இருக்கின்றன. இருந்தும் அந்தப் பெண்ணின் பக்கம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

கோட்டையில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இணையதளத்துக்கு டெண்டர் எழுதும்போது ஒரே ஒரு வரி சேருங்கள்: ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, ஆறாயிரம் ரூபாய் போனில், ஒரு புள்ளி சிக்னலில் திறந்து காட்டினால்தான் பில் பாஸாகும்.